கேட்டேன் என்று சொல்லாதவன்

குக்கர் மூன்று விசில் விட்டு அடங்கியாயிற்று. நிர்மலாதேவி அடுப்பை அணைத்தாள், குக்கரை இறக்கி வைத்தாள், சற்றுப் பொறுத்து வெயிட்டையும் எடுத்துப் பக்கத்தில் போட்டாள். அதற்கப்புறம் நான்காவது விசில் கேட்டது.

அவள் புருஷன் பரமசிவன் கூடத்தில் உட்கார்ந்து, சனிக்கிழமை தோப்பு அருவியை மறுபடி திறக்கும்போது குளிக்க வருகிறவர்களின் பட்டியலை போனில் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே சாரல். குற்றாலத்துச் சாரல் என்றால் ஊரெல்லாம் உருகும். அவனுக்கு அது எரிச்சல். துவைத்தது காயாது, சுவரில் பூஞ்சை பிடிக்கும், தோப்பில் விழுந்து அழுகிய மாம்பழத்தின் வாடை வீட்டுக்குள் வந்து தலையணை வரைக்கும் ஏறும். அந்தச் சாரலின் சலசலப்புக்கும், ஓட்டுத் தண்ணீர் வாளியில் சொட்டும் சத்தத்துக்கும், தூரத்தில் செங்கோட்டை ரோட்டில் லாரி கியர் மாற்றும் உறுமலுக்கும் மேலே அந்த விசில் ஒற்றையாக, நீளமாக, நடுவில் உடையாமல் வந்தது. கன்னம் உப்ப, நெஞ்சிலிருக்கிற மூச்சு அவ்வளவையும் காலி செய்து ஊதினால்தான் அத்தனை நீளம் வரும். வீட்டுக்குப் பின்னால், ஓடைக்கு மேலே, பாறையிலிருந்து.

அந்தப் பாறையில் இரண்டு வருடமாக யாரும் உட்காருவதில்லை.

"கேட்டுச்சாப்பா?" என்றாள் தங்கத்தாய். பன்னிரண்டு வயது. அவனுடைய அம்மாவின் பெயரை வைத்திருந்தான். தரையில் குப்புறப் படுத்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தவள், பென்சிலைத் தூக்கிப் பிடித்தபடி அவனையே பார்த்தாள்.

"என்னத்த?"

"விசிலு. ஒத்த விசில், நீளமா. மாமா பாறையில இருந்து."

"இல்ல. கேக்கல."

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. அதே வார்த்தை. அன்றைக்கு ஈர வேட்டியோடு நின்று, எழுதிக்கொண்டிருந்த அதிகாரியிடம் சொன்ன அதே வார்த்தை, நாக்கில் தயாராகக் காத்துக் கிடந்தமாதிரி வந்து விழுந்துவிட்டது.

"அப்ப அருவிக்கரைக் குருவியா இருக்கும். அதும் மனுசன் மாதிரியேதான் சீட்டியடிக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி நோட்டில் குனிந்தாள்.

அந்த நோட்டு அவனுக்குப் பிடிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர் கொடுத்த வேலை. எந்த விலங்கு எதற்காக அப்படிக் கத்துகிறது என்று சொல்லும் கதைகளில் பத்து எழுதி வர வேண்டுமாம். ஒன்பது எழுதிவிட்டாள். ஒன்பதும் முப்பிடாதி சொன்னவை.

முப்பிடாதி அவனிடம் காவலுக்கு இருந்தவன். பண்பொழிக்கு மேற்கே, மலை அடிவாரத்தில் பரமசிவனின் மாந்தோப்பு. தோப்புக்குப் பின்னால் ஓடை முப்பது அடி உயரத்திலிருந்து விழுகிறது. மெயின் அருவியிலும் ஐந்தருவியிலும் கூட்டத்தில் இடிபட விருப்பமில்லாதவர்களை ஜீப்பில் கூட்டிவந்து குளிக்கவிடுவதுதான் தொழில். மலைக்குமேல் மழை பெய்தால் இங்கே வெயிலடிக்கும்போதே வெள்ளம் வந்துவிடும் என்பதால் மேலே பாறையில் ஒரு ஆள் வேண்டும். தண்ணீரில் சருகு கூடுகிறதா, நிறம் மாறுகிறதா, மண் வாடை அடிக்கிறதா என்று பார்த்து அவன் ஊத வேண்டும். இரண்டு குட்டை விசில் என்றால் இறங்கலாம். ஒரே நீள விசில் என்றால் ஏறு. ஆனால் அருவி இரைச்சலில் குளிக்கிறவர்களுக்கு விசில் கேட்காது. அதனால் நடுவழியில், திருப்பத்துக் கல்லில், இன்னொரு ஆள் சிவப்புத் துண்டோடு நிற்க வேண்டும். மேலே ஊதுவதும் அங்கே கேட்கும், கீழே குளிப்பவர்களும் அங்கிருந்து தெரிவார்கள். கேட்டதும் துண்டை வீச வேண்டும்.

திருப்பத்துக் கல்லில் நின்றது பரமசிவன்.

கூட்டம் இல்லாத நாட்களில் முப்பிடாதி பாறையிலிருந்து இறங்கிவந்து தங்கத்தாய்க்குக் கதை சொல்வான். அவன் கதையில் எந்தப் பிராணியும் சும்மா கத்துவதில்லை. தேனெடுக்க ஒருவன் மலைச்சரிவில் கயிறு கட்டி இறங்குகிறான். மேலே கயிற்றைப் பிடித்திருப்பது பெண்டாட்டியின் தம்பி. அக்காள் தாலியை அவன் அறுக்கமாட்டான் என்று அவனிடம் கொடுப்பதுதான் வழக்கம். கயிறு நழுவுகிறது. கீழேயிருந்து "புடி, புடி" என்று கத்துகிறான். அக்காள் பங்கு நிலத்தின் மேல் கண் வைத்த தம்பி கயிற்றை விட்டுவிட்டு ஊருக்குள் வந்து, கூப்பிட்டது எனக்குக் கேக்கல என்கிறான். மறுநாள் மரத்தில் ஒரு கருங்குரங்கு. "புடி"யில் மிச்சம் இருந்த "ஹுப், ஹுப்" மட்டும் அதன் தொண்டையில். ஆட்காட்டிக் குருவி, களத்தில் நெல்லுக்குக் காவலிருந்த ஒருத்தி. திருட வந்த ஆளைக் காட்டிக் கத்தினாள். வந்தவன் ஊர்ப் பெரிய மனுசன் என்பதால் ஊரே காது கேளாததுபோல் படுத்துக்கிடந்தது.

"கத்துன ஒடம்பு போயிரும் தாயி, கத்துனது போவாது. அதுக்கு இருக்க ஒரு தொண்ட வேணும்லா" என்பான்.

கதை முடிந்ததும் கேட்டவர்கள் "கேட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அது கட்டாயம். சொல்லாவிட்டால் அந்தக் கத்தல் உங்கள் பின்னாலேயே வீட்டுக்கு வந்துவிடும். தங்கத்தாய் ஒவ்வொரு கதைக்கும் சத்தமாகச் சொல்வாள். ஒருநாள் அவள் கேட்டதைப் பரமசிவனும் காதில் வாங்கினான்.

"கேக்கலன்னு பொய் சொன்னான்லா, அவன் என்ன ஆனான் மாமா?"

"அவனுக்கும் ஒரு தொண்ட இருக்குல்லா" என்று சொல்லி முப்பிடாதி சிரித்தான்.

அருவிக்கரைக் குருவியின் கதையை மட்டும் அவன் சொல்லவில்லை. அது இன்னும் முடியாத கதை, முடியட்டும், சொல்லுதேன் என்றிருந்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் மறுபடி அந்த விசில். பரமசிவன் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். நுரையோடு அப்படியே நின்றான். ஒற்றை. நீளம். எவனோ விளையாடுகிறான், கையும் களவுமாகப் பிடித்துத் தோலை உரிக்கிறேன் என்று கம்பை எடுத்துக்கொண்டு மேலே ஏறினான். பாசி வழுக்கிய பாதை, காலடியில் பிசுபிசுக்கும் இலை, கழுத்துக்குள் இறங்கும் சாரல், எங்கோ ஒரு கிளை முறியும் சத்தம். பாறையில் யாரும் இல்லை. பாறை முழுக்க நனைந்து கருத்துப் பளபளத்தது, ஒரே ஒரு இடம் தவிர. ஓர் ஆள் குத்தவைத்து உட்காரும் அகலத்துக்கு, இரண்டு பாத அளவோடு, கல் வெளுத்துக் காய்ந்திருந்தது. சாரல் அதன் மேலும்தான் விழுந்துகொண்டிருந்தது. அவன் கையை வைத்துப் பார்த்தான். சூடு இருந்தது.

முப்பிடாதி குடிக்கும் பீடியின் வாடையும் இருந்தது. அவன் எப்படி இறங்கி வந்தான் என்பது அவனுக்கே நினைவில்லை.

ஆத்திரம்தான் வந்தது. பயந்தால் ஆத்திரப்படுவது அவன் சுபாவம். அவள் வேலைதான் இது, அந்த ஆவுடையம்மாள் யாரையோ ஏவி ஊதச் சொல்கிறாள் என்று முடிவு கட்டிக்கொண்டு பைக்கை ஐந்தருவிக்கு விட்டான். முப்பிடாதியின் பெண்டாட்டி அங்கே வரிசைக் கடைகளின் கடைசியில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் விற்றுக்கொண்டிருந்தாள். தலையில் பாலித்தீன் பை. முன்னால் ஈரச் சாக்கு.

"யாரம்மா விட்டு ஊதச் சொல்லுத?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "என்னத்த அண்ணாச்சி?"

"விசில. அவன் விசில யாருகிட்ட குடுத்திருக்க?"

"அது அவுககூடயே போச்சு. பல்லுக்கு நடுவுல கடிச்சிருந்தாவ. எடுக்க முடியல. அப்படியேதான் எரிச்சோம்." பழத்தைத் துடைத்தபடியே சொன்னாள். "உங்களுக்குக் கேக்குதோ?"

இரண்டு வருடத்துக்கு முந்தைய அந்த வாரம் அப்படியே அவன் கண்ணுக்குள் வந்தது. நான்கு நாளில் நான்கு தடவை ஊதினான் முப்பிடாதி. இரண்டு தடவை வெள்ளமே வரவில்லை. வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். இவன் பயந்தாங்கொள்ளி என்று பரமசிவனுக்குக் கடுப்பு. ஐந்தாவது தடவை ஊதியபோது திருப்பத்துக் கல்லில் அவனுக்குத் தெளிவாகக் கேட்டது. ஊதட்டும், இவனுக்கு இதே பொழப்பு என்று துண்டைத் தோளிலேயே வைத்திருந்தான். மறுபடி ஊதினான். மறுபடி. வெள்ளம் வந்தேவிட்டது. கீழே சிரித்துக் குளித்துக்கொண்டிருந்தவர்களில், கல்யாணமாகி நாற்பது நாளே ஆன ஒருவன் திரும்பி வரவில்லை. விசில் கேக்கல சார், குடிச்சிட்டுத் தூங்கிட்டான் போல என்று பரமசிவன் சொன்னான். விசில் கேட்கிற இடத்தில் நின்றது அவன் ஒருவன்தான் என்பதால் அவன் சொன்னதே சாட்சி ஆயிற்று. ஜாமீனில் வந்த முப்பிடாதிக்கு ஒருவரும் வேலை கொடுக்கவில்லை. ஓர் ஆடி மாதக் காலையில் அவன் பாறையில் ஏறி உட்கார்ந்து, இருட்டும் வரை ஊதினான். பரமசிவன் டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டு வீட்டுக்குள் இருந்தான். மறுநாள் அருவிக்குக் கீழே, குட்டையில் கிடந்தான் முப்பிடாதி. ஆள் போனதும் கேஸும் போயிற்று.

"ஒரே ஒரு தடவ கேட்டேன்னு சொல்லிருங்க அண்ணாச்சி" என்றாள் ஆவுடையம்மாள். "போலீசுல வேண்டாம். கோர்ட்டுல வேண்டாம். இங்கன, எம்முன்னால. குடிச்சிட்டுத் தூங்குனவன் பொண்டாட்டின்னுதான் இந்தக் கடைத்தெரு பூரா என்னையச் சொல்லுது. எனக்கு அது மாறுனாப் போதும்."

சொல்லியிருக்கலாம். அவன் நாக்கு மேலண்ணம் வரைக்கும் போயிற்று. பக்கத்துக் கடைக்காரர் முகம்மது சலீம் சிப்ஸ் அரிவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். குளித்துவிட்டு வந்த நாலைந்து பேர் பழம் பேரம் பேச நின்றார்கள். இங்கே வாயைத் திறந்தால் சாயங்காலத்துக்குள் தென்காசி முழுக்கப் பரவும். அருவியை மூடுவார்கள். அவனை உள்ளே வைப்பார்கள். மகளுக்கு முன்னால் விலங்கு மாட்டுவார்கள். எவளோ ஒருத்தி பெயருக்காக நான் எதற்கு அழிய வேண்டும்?

"கேட்டாத்தானம்மா கேட்டேன்னு சொல்ல? எனக்குக் கேக்கல."

அவள் அழவில்லை, ஏசவில்லை. பழத்தைக் கூடையில் வைத்தாள்.

"சரி அண்ணாச்சி. இனி அத மட்டும் வச்சுக்கிடுங்க."

திரும்பி வரும் வழியில் சனிக்கிழமைக்கு வருகிறவர்கள் போன் செய்தார்கள். ஓரமாக பைக்கை நிறுத்தி எடுத்தான். எத்தனை மணிக்கு வரணும் சார்? பத்து மணிக்கு வாங்க என்று சொல்ல நினைத்தான். "கேக்கல" என்றான். சிக்னல் சரியில்லை என்று அவர்கள் உரக்கக் கேட்டார்கள். "கேக்கல." திகைத்து, தொண்டையைச் செருமி, காறித் துப்பி, மறுபடி முயன்றான். "ப... பத்து..." வந்தது. அப்பாடா. ஆனால் அந்தப் பத்தைத் தொண்டையிலிருந்து பிடுங்கி எடுக்க வேண்டியிருந்தது.

மத்தியானம் நிர்மலாதேவி சாப்பாடு வைத்தாள்.

"ரசம் ஊத்தட்டா?"

"கேக்கல."

"ரசம் ஊத்தட்டான்னேன்."

"கேக்கல."

"காதுல என்ன, தண்ணி கிண்ணி போயிருச்சா?" என்று சிரித்தபடி ஊற்றினாள். அவன் தலையை மட்டும் ஆட்டினான். வாயைத் திறக்கப் பயமாக இருந்தது. சோறு இறங்கவில்லை. தொண்டைக்குள் ஏதோ ஒன்று உட்கார்ந்திருந்தது. குத்தவைத்து. சூடாக.

குளியலறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றான். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். நிர்மலா. தங்கத்தாய். என் பேரு பரமசிவன். கண்ணாடியில் உதடு சரியாகத்தான் அசைந்தது. "கேக்கல. கேக்கல. கேக்கல." மூன்றாவது தடவை அது மனுசக் குரல் மாதிரி இல்லை. நடுவில் ஒரு உடைசல். முடிவில் ஒரு இழுவை. அவன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தான். தொண்டை தானாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

சொல்லிவிடலாம். இப்போதே போய், ஐந்தருவியில், அவள் காலில் விழுந்து சொல்லிவிடலாம். அருவி போனால் போகட்டும். ஜெயில் என்றால் ஜெயில். கேட்டேன், எனக்குக் கேட்டது, மூன்று தடவையும் கேட்டது. மனசுக்குள் எவ்வளவு சுலபமாக ஓடுகிறது! கதவைத் திறந்து வெளியே வந்தான்.

"தங்கத்தாயப் பாத்தீயளா?" என்று நிர்மலாதேவி கொல்லைப்புறத்திலிருந்து வந்தாள். "மழைக்கு இன்னைக்குப் பள்ளிக்கூடம் லீவுல்லா, ஓடைப்பக்கம் போறேன், பத்தாவது கதை முடியப்போவுதுன்னு நோட்டத் தூக்கிட்டு ஓடிட்டா. மேல மலையில வேற கருத்துக்கிட்டு நிக்கி."

அவன் ஓடினான்.

மணி மூன்றுதான். ஆனாலும் மாமரங்களுக்குக் கீழே சாம்பல் நிற இருட்டு. செருப்பு ஒன்று சேற்றில் போயிற்று. இன்னொன்றை உதறினான். கூப்பிட முடியாது. கூப்பிட வாய் இல்லை. அருவிக்கரைக்கு வந்ததும் முதலில் கண்ணில் பட்டது மஞ்சள் குடை. அவளுடையது. குட்டைக்கு நடுவில், பாறை இடுக்கில், விரிந்தபடி சிக்கி ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அவள் இல்லை.

தண்ணீருக்குள் இறங்கினான். முழங்கால். இடுப்பு. குடையை விலக்கினான். அடியில் கையை விட்டுத் துழாவினான். கல். கல். வேர். ஒன்றும் இல்லை.

அப்போது கேட்டது.

குளிக்கும் இடத்தில் விசில் கேட்காது. அத்தனை வருடத்தில் ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது இரைச்சலையெல்லாம் கிழித்துக்கொண்டு, காதுக்குப் பக்கத்தில் வைத்து ஊதுவதுபோல் கேட்டது. ஒற்றை. நீளம்.

"அப்பா!"

திருப்பத்துக் கல்லில் தங்கத்தாய் நின்றுகொண்டிருந்தாள். கரையில், பத்திரமாக. கையில் சிவப்புத் துண்டு. குடை காற்றில் பறந்திருக்கிறது, அவ்வளவுதான். பிள்ளை நல்லபடியாக இருக்கிறாள். அவனுக்கு அழுகை வந்தது.

"ஏறுங்கப்பா! விசில் ஊதுது, ஏறுங்க!" அவள் துண்டை வீசினாள். முப்பிடாதி அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தபடி, தலைக்கு மேலே, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை. "கேக்குதாப்பா?"

கேட்கிறது தாயே. வருகிறேன்.

"கேக்கல."

காலை எடுத்தான். கால் வரவில்லை. எதிலும் சிக்கவில்லை. அடியில் கல்லைப் பாதம் பற்றிக்கொண்டிருந்தது, விரல் மடங்கி, அவனைக் கேட்காமல். கேட்காதவன் ஏறமாட்டான். அன்றைக்கு வெள்ளத்தில் போன அந்தக் கல்யாணப் பையனும் ஏறவில்லை.

"விளாடாதீங்கப்பா! தண்ணி நெறம் மாறுது!"

மாறியிருந்தது. முதலில் சருகு வந்தது. பிறகு மண் வாடை. பிறகு ஒரு முழு மரக்கிளை. தண்ணீர் செம்மண் நிறத்தில் மார்பை இடித்தது.

"அன்னைக்கும் எனக்குக் கேட்டுச்சுப்பா!" அவள் அழுதுகொண்டே கத்தினாள். "வீட்டுல இருந்தே கேட்டுச்சு! எங்கிட்ட யாரும் விசாரிக்கல! உங்களுக்குக் கேட்டுச்சா இல்லியா? சொல்லுங்கப்பா!"

கேட்டேன்.

"கேக்கல."

கேட்டேன். கேட்டேன். மூன்று தடவையும் கேட்டேன்.

"கேக்கல. கேக்கல. கேக்கல."

மேலே, பாறையில், குத்தவைத்து ஒன்று இருந்தது. கன்னம் உப்பியிருந்தது. மூச்சு எடுக்கவே இல்லை.

தங்கத்தாயும் அதைப் பார்த்தாள். கீழே இறங்கவில்லை, நீள விசில் ஊதினால் யாரும் இறங்கக் கூடாது. அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான் இருந்தது. அப்பா சொல்லமாட்டேன் என்கிறார். யாராவது சொல்ல வேண்டும். சொன்னால் முடிந்துவிடும். துண்டைப் போட்டுவிட்டு, இரண்டு கையையும் வாய்க்குப் பக்கத்தில் குவித்து, பாறையைப் பார்த்து அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"கேட்டேன்! மாமா, நான் கேட்டேன்!"

விசில் நின்றது.

கதை முடிந்துவிட்டது.

தண்ணீர் வாய்க்கு வந்தது. மூக்குக்கு வந்தது. அவன் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டான். இரண்டு கையாலும் பொத்தினான். கண்ணுக்கு மேலே சிவப்பு. மூச்சு இல்லை. சத்தம் நிற்கவில்லை. உடைசலோடு. இழுவையோடு. தண்ணீருக்கு அடியிலிருந்து, தெளிவாக.

கேக்கல. கேக்கல. கேக்கல.

கரையில் தங்கத்தாய் அழுகையை நிறுத்திவிட்டு, இதுவரை கேட்டிராத ஏதோ ஒரு பிராணி கத்துவதைக் கேட்கிறவள்போல, தலையைச் சாய்த்து நின்றாள்.